கல்லீரலில் குடிவைத்தவை

ஜனவரி 8, புதன்

சென்னை. ஆசுபத்திரி மூன்றாம் மாடி. எப்சிபாவுக்கு நாளை ஆபரேஷன்.

சர்க்கரை அளவு, ஊசி, சாப்பாடு எல்லாவற்றையும் எழுத ஆசுபத்திரியில் ஒரு புத்தகம் தந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு. இந்த நோட்டு எனக்கு.

மறந்துபோகாதிருக்க, டாக்டர் மாதங்கி சொன்னதை எழுதிவைக்கிறேன். எப்சிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பதினான்கிலிருந்து வயிற்றுவலி. கணையம் முழுக்கக் கல். வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் கிடப்பாள். கல்லூரி இரண்டு தடவை நின்றுபோனது. இனிக் கணையத்தை முழுசாக எடுத்துவிட வேண்டியதுதான். எடுத்தால் வலி போகும், ஆனால் சர்க்கரை வியாதி வரும். இன்சுலின் சுரப்பது அந்தக் கணையம்தானே. அதனால் எடுத்த கணையத்தை மருந்தில் கரைத்து, இன்சுலின் சுரக்கும் செல் கொத்துகளை மட்டும் பிரித்து, அவளுடைய கல்லீரலுக்குள்ளேயே செலுத்தப் போகிறார்கள்.

"கல்லீரலுக்குள்ள போனா அதுவளுக்கு வேலை தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எங்க இருந்தாலும் வேலை தெரியும்மா. புது இடம் பழகணும், ரத்தக்குழாய் வந்து சேரணும். அதுவரைக்கும் நாம வெளியேருந்து இன்சுலின் போட்டு அதுங்களை உட்கார வச்சுச் சோறு போடணும்."

"எல்லாம் பிழைக்குமா?"

"பாதி பிழைச்சாலே சந்தோஷம். சில பேருக்கு ஊசியே வேணாம்னு ஆகும். சில பேருக்குக் கொஞ்சம் வேணும். முன்கூட்டியே சொல்ல முடியாது."

இன்னொன்றும் கேட்டார். சின்ன வயதில் மரவள்ளிக் கிழங்கு, எங்கள் ஊர் மரச்சீனி, நிறையச் சாப்பிடுவாளா என்று. மார்த்தாண்டம் பக்கம் யார்தான் சாப்பிடவில்லை? கணையத்தில் கல் வர அதுதான் காரணமென்று நிரூபணம் கிடையாது என்று அவரே சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் எட்டு வருஷமாக மரச்சீனி வாங்குவதில்லை.

பொருத்தனை பண்ணியிருக்கிறேன். எப்சி ஊசியில்லாமல் ஆனால், ஈஸ்டர் அன்று சபை நடுவே எழுந்து நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வேன்.

ஜனவரி 9, வியாழன்

6.40க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 11.30க்குக் கணையம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது என்று ஒரு பையன் வந்து சொன்னான். எப்சியின் அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்த கால்.

மாலை 5.15க்கு டாக்டர் வந்தார். செல் கொத்துகள் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிடைத்தனவாம். அவ்வளவும் கல்லீரலுக்குள் போயாயிற்று.

"எண்ணியா பாத்தீங்க?" என்றேன்.

"மாதிரி எடுத்து எண்ணிக் கணக்குப் போடுவோம்மா."

எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எண்ணாத ஒன்றை எப்படி ஜெபத்தில் வைப்பது?

ஜனவரி 12, ஞாயிறு

எப்சிக்குக் குடிக்கத் தண்ணீர் மூன்று மூடி. சர்க்கரை 112. ஸ்தோத்திரம்.

ஜனவரி 24, வெள்ளி

சர்க்கரைப் பிரிவின் சிஸ்டர் தேன்மொழி எனக்குப் பாடம் எடுத்தாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் 120க்குள் இருக்க வேண்டும். செரிக்கிற மாத்திரை ஒவ்வொரு சாப்பாட்டோடும், ஆயுசு முழுக்க.

"சுகர் ஏறினா அந்தச் செல்லுங்க ஓவர்டைம் பாக்கும்மா. புதுசா குடிவந்த எடத்துல ஓவர்டைம் பாத்தா செத்துப் போயிடும். இன்சுலினைக் குறைக்கறது, நிறுத்தறது எல்லாம் நாங்க சொல்லித்தான்."

"உறை ஊத்தி வச்ச பாலை ஆட்டப்பிடாது, அதுதானே?"

"சூப்பர்ம்மா. இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சிஸ்டர் அப்படிச் சொன்னதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீடு வந்து நான்கு நாள். காலை 104, மதியம் 118, மாலை 109. ஊசி எட்டு யூனிட். எடை 46.

எப்சி காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் ஓடினேன்.

"வலிக்குதா மக்ளே?"

"இல்லம்மா. எட்டு வருசமா சாப்பிட்ட ஒடனே வலிக்கும்லா. இப்பம் வலிக்கல்ல. அதான், வருதான்னு பாத்துட்டு இருக்கேன்."

பின்கட்டில் போய் அழுதேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆறு யூனிட் ஆயிற்று. கிளாடிஸ் அக்கா வந்தார்கள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலர் அவர்கள்தான். மரச்சீனி சீவல் ஒரு பொதி கொண்டுவந்தார்கள். வாங்கி, அவர்கள் போனபின் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன்.

எப்சியின் அப்பா, "அந்தக் கெழங்கு உனக்கு என்ன செஞ்சுது?" என்றார்.

"ஒண்ணும் செய்யல்ல" என்றேன்.

மார்ச் 5, புதன்

லெந்து நாட்கள் தொடங்கின. ஈஸ்டர்வரை நாற்பது நாளும் எனக்கு மதியம் ஒரு வேளைச் சாப்பாடு மட்டும். ஊசி இரண்டு யூனிட்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரே போன் பண்ணினார். உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை 1.1 வந்திருக்கிறதாம். ஊசியை நிறுத்திப் பார்க்கலாமாம்.

"இது பரீட்சைதான்மா, ரிசல்ட் இல்ல. ரெண்டு நாள் தொடர்ந்து நூத்தி முப்பது தாண்டினா உடனே கூப்பிடணும்."

நிறுத்தியாயிற்று. முழங்காலில் நின்றேன். எப்சியின் அப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார், மூட்டுவலியோடு.

மார்ச் 23, ஞாயிறு

ஊசியில்லாமல் ஒன்பதாம் நாள். காலை 108.

இன்று பெண்கள் ஞாயிறு. நான் ஈஸ்டருக்கென்றுதான் வைத்திருந்தேன். ஆராதனை நடுவில் கிளாடிஸ் அக்கா என் முழங்கையைத் தட்டினார்கள். "சுகிர்தம், எந்திரி பிள்ளே. ஆண்டவர் செஞ்ச நன்மையப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கதுக்கா?" எழுந்துவிட்டேன். பேசவும் பேசினேன். வலி போனது, கணையம் போனது, செல்களைக் கல்லீரலில் குடிவைத்தது, எல்லாம் சொன்னேன். "இண்ணைக்கு எனக்க பிள்ளைக்கு ஊசி கிடையாது. இனி ஒருக்காலும் கிடையாது" என்று முடித்தேன். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. வெளியே வந்ததும் எத்தனை பேர் கையைப் பிடித்தார்கள்!

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எப்சி கேட்டாள்.

"எம்மா, 'இனி ஒருக்காலும்'னு டாக்டரா சொன்னாங்க?"

விசுவாசம் என்றால் அதுதான் என்றேன்.

மார்ச் 26, புதன்

எப்சிக்குச் சளி, லேசான காய்ச்சல். காலை 144. விரலில் ஏதோ ஒட்டியிருக்கும். கழுவிவிட்டு மறுபடி குத்தினேன், 141. வேறு விரலில் 139.

ஆசுபத்திரிப் புத்தகத்தில் நேற்றைய 118ஐயே எழுதினேன். காய்ச்சல் நாளின் கணக்கு சரியான கணக்காகாது.

மார்ச் 27, வியாழன்

146. புத்தகத்தில் 116.

மார்ச் 29, சனி

காய்ச்சல் விட்டது. 151. புத்தகத்தில் 112.

காலையும் மாலையும் வீட்டைச் சுற்றி இருபது சுற்று நடக்கச் சொன்னேன். நடந்தால் குறையும் என்று ஆசுபத்திரி நோட்டீஸிலேயே இருக்கிறது. பன்னிரண்டாவது சுற்றில் தென்னைமூட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சிஸ்டர் கட்டைவிரல் படம் போட்டாள்.

சபையில் என்னைக் கண்டதும் ஒரு பெண், குன்னுவிளைக்காரி, தன் மாமியாரை அழைத்துவந்து என் முன்னால் நிறுத்தினாள். "இவிய சொன்னத நீங்களும் கேளுங்கோ மாமி" என்றாள். அந்த அம்மாளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, தினமும் ஊசி. நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 1, செவ்வாய்

எப்சியிடம் சொன்னேன், லெந்து நாட்கள்தானே, ராத்திரிச் சாப்பாட்டை நீயும் ஒறுத்தலாக விட்டுவிடலாமே என்று.

"உனக்கு அது சமாதானம்னா விட்டுருதேன்" என்றாள்.

சாப்பாட்டைக் குறைத்ததும் காலை 129. பார்த்தேனா! இதை மட்டும் உள்ளபடி புத்தகத்தில் எழுதினேன்.

எடை 44.

ஏப்ரல் 3, வியாழன்

158. தண்ணீர் அதிகம் கேட்கிறாள். வெயில் காலம். ஒன்றுக்குப் போக அடிக்கடி எழுகிறாள். தண்ணீர் குடித்தால் போகத்தானே வேண்டும்.

எப்சியின் அப்பா, "பிள்ள மெலிஞ்சு போயிட்டா, கேட்டியா?" என்றார்.

"லெந்துல எல்லாரும் மெலியத்தான் செய்வாங்க."

"அவளுக்குக் கணையம் இல்ல சுகிர்தம். ஆண்டவரு அவளட்டயா உபவாசம் கேட்டாரு?"

நான் மீன் கழுவப் போனேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சிஸ்டர் தேன்மொழி போன். ஒன்பதாம் தேதி பரிசோதனைக்கு வர வேண்டும்.

"உங்க நம்பர் எல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா. காய்ச்சல் இருந்துச்சுன்னு எப்சிபா மெசேஜ் போட்டிருந்தா. காய்ச்சல்ல கூட ஏறலியே?"

"ஆண்டவர் கிருபை" என்றேன்.

எந்தெந்த நாள் காய்ச்சல் என்று சிஸ்டர் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "வர்றப்போ மெஷினையும் எடுத்துட்டு வாங்கம்மா. ஒவ்வொரு தடவை பாத்ததும் தேதியோட அதுக்குள்ளயே இருக்கும்" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கிறதெல்லாம் அழியுமா என்று எப்சியின் அப்பாவிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா,

நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய். தலை சுற்றுகிறது என்று நான் வரவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இந்த நோட்டு இருப்பது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். வாசித்ததில்லை. இன்றைக்கு வாசித்தேன்.

காலை 11.10க்கு நானே குத்திப் பார்த்தேன். 212. உன் நோட்டில் உண்மையான கணக்கு இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது.

எப்சிபா

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று நான் திரும்பி வந்தபோது நோட்டு சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தது. எப்சி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். உதடு வறண்டிருந்தது.

"எனக்க நோட்ட எதுக்கு எடுத்த?" என்றேன். முதலில் வந்தது அதுதான். வேறு வார்த்தை வந்திருக்கக் கூடாதா?

"நீ சொன்ன சாட்சி பொய்யாப் போவப்பிடாதுன்னு நான் பட்டினி கெடக்கணுமா?"

"ஒறுத்தல்னா..."

"ஒறுத்தலுக்கு நான் கெடந்திருப்பேம்மா. நீ சோத்த அளக்கதுக்கு மின்ன மெஷினப் பாக்குத. நான் கண்டேன்." பிறகு அழுதாள். "வலி இருந்தப்பம் ஒரு நாளும் நீ எனக்கட்ட பொய் சொன்னதில்ல. வலி போனப்பெறவு எதுக்குச் சொன்ன?"

எப்சியின் அப்பா வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து, என் முன்னால் போனை வைத்தார். திட்டவில்லை. "கூப்பிடு. நீதான் கூப்பிடணும்" என்றார்.

கூப்பிட்டேன். சிஸ்டரிடம் எல்லாத் தேதியும் எல்லா எண்ணும் இந்த நோட்டைப் பார்த்து வாசித்தேன். 144, 141, 139, 146, 151, 158, கடைசியாக எப்சி எழுதின 212. வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. முடிந்ததும் சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள்: உடனே நான்கு யூனிட், வயிறாரச் சாப்பாடு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஊசி போட்டேன். எப்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

உறை ஊற்றிவைத்த பாலை ஆட்டக் கூடாது என்று அன்றைக்குச் சிஸ்டரிடம் சொன்னவள் நான்.

இன்று காலை 163.

ஏப்ரல் 10, வியாழன்

சென்னை. நேற்று ரத்தம் எடுத்தார்கள், இன்று முடிவு. மார்ச்சில் 1.1. இப்போது 0.7.

டாக்டர் மாதங்கி கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் எப்சியைப் பார்த்துத்தான் பேசினார். "பூஜ்யம் இல்ல எப்சிபா. உயிரோட இருக்கு, வேலை செய்யுது. ஆனா கொஞ்சம் துணை வேணும். நாலு யூனிட்டோ ஆறோ, தினமும். பிறகு குறையலாம், குறையாமலும் போகலாம்."

எப்சி தலையாட்டினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுவரிலிருந்த கல்லீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"செத்துப்போனது என்னாலயா டாக்டர்?"

"அந்தப் பதினோரு நாள் நல்லதில்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா காய்ச்சலும் இருந்துச்சு. தொடக்கத்துலயே எவ்வளவு பிழைச்சுதுன்னும் தெரியாது. உங்களால எவ்வளவு, காய்ச்சலால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை எண்ணினவர்களுக்கு இது முடியாதாம்.

ரயிலில் வரும்போது, விருதுநகர் தாண்டினபின், எப்சியிடம் சொன்னேன். அவள் சின்னவளாக இருக்கும்போது அப்பாவுக்குச் சம்பளம் பிந்தின மாதங்களில் மூன்று வேளையும் மரச்சீனிதான் அவித்துக் கொடுத்தேன் என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை. ஊசியே வேண்டாமென்று ஆகிவிட்டால், அவள் வியாதி என் கையால் வந்ததில்லை என்று ஆண்டவரே சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

எப்சி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். "எனக்கு அந்தக் கெழங்கு புடிக்கும்மா. எட்டு வருசமா கேக்கணும்னு இருந்தேன், நீ கரைஞ்சு அழுவியேன்னு கேக்கல்ல" என்றாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

119. 126. 122. ஊசி நான்கு. எடை 44.3. புத்தகத்திலும் இதுவே.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்ததும் கிளாடிஸ் அக்காவை ஓரமாக அழைத்துச் சொன்னேன், ஈஸ்டர் அன்று எழுந்து, முன்னே சொன்னதைத் திருத்திச் சொல்லப் போகிறேன் என்று.

"உனக்குக் கிறுக்கா பிள்ளே? ஈஸ்டர் அன்னைக்கா? ஊசி போடுதது உங்க வீட்டுக்குள்ளதானே, ஆருக்குத் தெரியும்? பேசாம இரி. ஒரு வருசத்துல எல்லாரும் மறந்திருவாங்க."

"குன்னுவிளைக்காரிக்க மாமியாரு மறப்பாவளா? நான் சொன்னதக் கேட்டு அவிய ஊசிய நிறுத்திட்டா?"

அதுவரை அது எனக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேரே குன்னுவிளைக்குப் போனேன். நல்லவேளை, அந்த அம்மாள் நிறுத்தவில்லை. "ஈஸ்டர் கழிஞ்சு நிறுத்தலாம்னு இருந்தேன்" என்றார்.

அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மோர் கொடுத்தார்கள். உபவாசம் என்று நினைவு வருமுன் குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த பண்டிகை

காலை 117. ஊசி நான்கு.

எட்டு மணி ஆராதனையில் சாட்சி வேளை வந்தது. எழுந்தேன். முன்பு அரை மணி நேரம் பேசினவளுக்கு இன்று நான்கு வாக்கியம்தான் இருந்தது.

"பெண்கள் ஞாயிறு அன்னைக்கு எனக்க பிள்ளைக்கு இனி ஊசி வேண்டாம்னு சொன்னேன். அது டாக்டரும் சொல்லல்ல, ஆண்டவரும் சொல்லல்ல, நான் சொன்னது. அது மெய்யாவணும்னு பிள்ளையப் பட்டினி போட்டேன், கணக்க மாத்தி எழுதினேன். அவளுக்கு இப்பம் வலி இல்ல, ஊசி உண்டு. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்."

ஐந்து வாக்கியம் ஆகிவிட்டது.

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் ஐயர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். எப்சி ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பாதியை என் பக்கம் நீட்டினாள்.

ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் அன்பின் விருந்து. பந்தியில் எங்கள் எதிரே கிளாடிஸ் அக்கா, என்னைப் பார்க்காமல் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு, ஆட்டுக்கறி, அதோடு மரச்சீனி மசித்ததும் வந்தது. பரிமாறுகிறவர் எப்சியின் இலையருகே வந்து தயங்கினார். என்னைப் பார்த்தார்.

எப்சி பையிலிருந்து மெஷினை எடுத்தாள். ஆசுபத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வெளியிடங்களில் கழிப்பறைக்குள் போய்த்தான் குத்துவாள். இன்று பந்தியிலேயே குத்திவிட்டு, பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"எத்தனம்மா?"



"நூத்தி நாப்பத்தேழு" என்றேன். எல்லாருக்கும் கேட்கிறபடிதான் சொன்னேன்.

சிஸ்டர் சொல்லியிருந்தபடி விருந்துக்கென்று இரண்டு யூனிட் போட்டாள். மாத்திரையை விழுங்கினாள். "கொஞ்சம் கெழங்கு வையுங்கண்ணே" என்று இலையைக் காட்டினாள்.

ஒரு கரண்டி வைத்தார். என் இலைக்கும் கரண்டியை நீட்டினார். நான் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைக்கவில்லை.

மாலை 3.20, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனபின்: 138. வயிற்றுவலி இல்லை.